சாய்ந்து நின்ற மாளிகை

செராஸ் வட்டாரத்தில் வாழ்பவர்களுக்கு ஜாலான் லோக் இயூ நன்கு பழகிய சாலை. தாமான் மிடாவில் வசிக்கும் நான்காம் படிவ மாணவி ஒருத்தியும் அச்சாலையில் எத்தனையோ முறை சென்று வந்திருக்கிறாள். ஆனால், லோக் இயூ என்பவர் யார் என்று அவள் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. பள்ளிப் புகைப்படக் கழகம் தன் ஆண்டுக் கண்காட்சிக்கு ‘நகரத்துப் பழைய வீடு’ என்னும் தலைப்பை அறிவித்தபோதுதான் அந்தக் கேள்வி அவளுக்குள் எழுந்தது.

வரலாற்று ஆசிரியர் அவளுக்கு விடை கூறினார். லோக் இயூ 1845ஆம் ஆண்டில் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே சிங்கப்பூருக்கு வந்து, பின்னர் ஈயச் சுரங்கத் தொழிலில் பெரும் பொருள் ஈட்டியவர். கோலாலம்பூரில் 1893இல் தொடங்கப்பட்ட விக்டோரியா கல்விக்கூடத்தின் நிறுவனர்களுள் ஒருவர். 1917இல் மறைந்தார். ஜாலான் மேடான் துவாங்குவில் உள்ள அவருடைய மாளிகை 1904இல் கட்டி முடிக்கப்பட்டது. நூறு ஆண்டுகளைக் கடந்த அவ்வீடு இன்றும் நிற்கிறது என்று ஆசிரியர் சொன்னதும், “அதைத்தான் படம் எடுக்கப் போகிறேன்,” என்று அவள் முடிவு செய்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் தன் தாத்தாவை அழைத்துக்கொண்டு புறப்பட்டாள். தாத்தா நாற்பது ஆண்டுகள் கட்டடங்களுக்குச் சாயம் பூசும் தொழில் செய்து ஓய்வு பெற்றவர். இருவரும் தாமான் மிடாவில் எம்ஆர்டி ஏறி, புக்கிட் பிந்தாங்கில் இறங்கினர். அங்கிருந்து மோனோரயிலில் மேடான் துவாங்கு நிலையத்தை அடைந்து, சிறிது தூரம் நடந்தனர். அப்பொழுது நண்பகல். உயரமான கட்டடங்களுக்கு நடுவே அந்த வெள்ளை மாளிகை தெரிந்தது. வரிசையான வளைவுகளும் டச்சுப் பாணி முகப்பு உச்சிகளும் அவள் கண்ணைக் கவர்ந்தன.

அவள் வேலிக்கு மிக அருகில் போய் நின்றாள். வீடு முழுவதும் திரைக்குள் அடங்கவில்லை. கைப்பேசியின் அகல்கோண வில்லையைத் தேர்ந்தெடுத்தாள். அப்பொழுதும் முகட்டின் உச்சி வெட்டுப்பட்டது. கைப்பேசியை மேல்நோக்கிச் சாய்த்தாள். இப்போது வீடு முழுவதும் அடங்கிவிட்டது. மகிழ்ச்சியோடு ஒரே ஒரு படம் எடுத்தாள். பிறகு வெயில் தாங்காமல் இருவரும் வீடு திரும்பினர்.

திங்கட்கிழமை ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையில் தோழிகளிடம் படத்தைக் காட்டினாள். “அழகாக இருக்கிறது!” என்றாள் ஒருத்தி. “சூப்பர்!” என்றாள் மற்றொருத்தி. மூன்றாமவள் படத்தைப் பார்த்த நேரத்தைவிடத் தன் மீ கோரெங்கைப் பார்த்த நேரம் அதிகம். ஆனாலும் அவளும் “நன்று” என்றாள். மாணவிக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் படத்தை அச்செடுத்துக் கண்காட்சிக்குத் தருவதென்று உறுதி செய்துகொண்டாள்.

கழகத்தின் பொறுப்பாசிரியர் ஓவியக் கலை கற்பிப்பவர். அவர் அச்சிட்ட படத்தை மேசைமேல் வைத்துச் சிறிது நேரம் அமைதியாகப் பார்த்தார். பிறகு, “இந்த வீடு ஏன் பின்னால் சாய்ந்து நிற்கிறது?” என்று கேட்டார்.

மாணவியின் முகம் வாடியது. “சாயவில்லையே, டீச்சர். வீடு நேராகத்தான் நிற்கிறது,” என்றாள்.

“வீடு நேராக நிற்கிறது என்பது எனக்கும் தெரியும். படத்தில் நேராக நிற்கிறதா என்று பார்,” என்று கூறிய ஆசிரியர், ஓர் அடிக்கோலை எடுத்து, படத்தின் விளிம்பையொட்டி வைத்தார். மாளிகையின் இரு பக்கச் சுவர்களும் மேலே செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்கின. அடியில் அகன்றும் உச்சியில் குறுகியும் வீடு ஒரு கூடாரம்போல் தோன்றியது. இத்தனை முறை பார்த்தும் அது தன் கண்ணில் படவில்லையே என்று அவள் வியந்தாள்.

“ஆனால், எல்லாரும் அழகாக இருக்கிறது என்றார்களே, டீச்சர்,” என்று மெல்லிய குரலில் சொன்னாள்.

“அவர்கள் பொய் சொல்லவில்லை. நீ அவர்களிடம் என்ன கேட்டாய்?”

“எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.”

“அப்படிக் கேட்டால் நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நாம் எடுத்த படத்தின் குறை நம் கண்ணுக்கு எளிதில் தெரியாது. அதனால்தான் பிறர் கண் நமக்குத் தேவைப்படுகிறது. ஆனால், பிறர் கண்ணைப் பயன்படுத்திக்கொள்ளச் சரியான கேள்வி வேண்டும்,” என்றார் ஆசிரியர்.

அவர் ஒரு தாளில் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தார். முதல் கேள்வி: படத்தைப் பார்த்தவுடன் உங்கள் கண் எங்கே போகிறது? இரண்டாவது: இந்தப் படம் உங்களுக்கு என்ன சொல்கிறது? மூன்றாவது: எதை மாற்றினால் அது இன்னும் தெளிவாகச் சொல்லும்? “இம்மூன்றையும் மூன்று பேரிடம் கேள். அவர்கள் பேசும்போது குறுக்கே விளக்கம் சொல்லாதே. கண்காட்சியில் படம் தொங்கும்போது பக்கத்தில் நின்று நீ விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. படம் தானே பேச வேண்டும். எனவே, அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு வா,” என்றார்.

அன்று மாலை அவளுக்குச் சோர்வாக இருந்தது. போட்டியிலிருந்து விலகிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆயினும், ஆசிரியர் தன்னைக் குறை கூறவில்லை, படத்தைப் பற்றித்தான் பேசினார் என்பது சிந்திக்கச் சிந்திக்கப் புரிந்தது. அவள் தாளை எடுத்துக்கொண்டாள்.

முதலில் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் கேட்டாள். “என் கண் நேராக அந்தச் சிவப்புக் காரிடம் போகிறது,” என்றாள் தோழி. மாளிகைக்கு முன்னே நிறுத்தப்பட்டிருந்த காரை மாணவி கவனித்திருக்கவே இல்லை. வெளுத்த வானமும் வெள்ளைச் சுவரும் உள்ள படத்தில் அடர்ந்த நிறம் அது ஒன்றுதான். “பின்னால் இருக்கும் உயர்ந்த கட்டடத்தையும் அழித்துவிடு. அது அசிங்கமாக இருக்கிறது,” என்றும் தோழி சொன்னாள்.

அடுத்துப் பள்ளிக் காவலரிடம் காட்டினாள். அவர் படத்தைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்துவிட்டு, “ஏதோ பழைய அலுவலகம் மாதிரி இருக்கிறது. சுவர் எல்லாம் தட்டையாகத் தெரிகிறதே, வெறும் முகப்பு மட்டும்தானா?” என்று கேட்டார். ஆழமான தாழ்வாரங்கள் கொண்ட அம்மாளிகை, நண்பகல் வெயிலில் அட்டையில் வெட்டி ஒட்டிய உருவம்போல் ஆகியிருந்தது.

மூன்றாவதாக, இரவு உணவுக்குப்பின் தாத்தாவிடம் கேட்டாள். தாத்தா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “வீடு நன்றாக விழுந்திருக்கிறது, அம்மா. ஆனால், இது பெரிய வீடா, சின்ன வீடா என்று தெரியவில்லையே,” என்றார்.

“என்ன தாத்தா! நீங்கள்தான் நேரில் பார்த்தீர்களே!”

“நான் பார்த்தேன். பார்க்காதவனுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் சாயம் பூசப் போகும்போது, ஒரு சுவரின் உயரத்தை அதன் ஓரத்தில் நிற்கும் ஆளை வைத்துத்தான் கணக்குப் போடுவோம். இத்தனை ஆள் உயரம், இத்தனை அடுக்குச் சாரம் என்று சொல்லுவோம். இந்தப் படத்தில் ஆளே இல்லை. பொம்மை வீட்டை எடுத்தாலும் இப்படித்தான் இருக்கும்.”

சிறிது நேரம் கழித்துத் தாத்தாவே மீண்டும் பேசத் தொடங்கினார். “ஜாலான் அம்பாங்கில் இதைப் போலவே ஒரு பெரிய வீடு இருந்தது. போக் மாளிகை என்பார்கள். வேலைக்குப் போகும்போது எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன். ஒரு நாளாவது நின்று நன்றாகப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன். நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்றே போய்விட்டது. ஒரு நாள் பார்த்தால் வீடே இல்லை,” என்றார்.

தாத்தா சொன்னதைப் பற்றி மாணவி மறுநாள் நூலகத்தில் தேடிப் படித்தாள். போக் மாளிகையைக் கட்டியவர் சுவா செங் போக் என்னும் வணிகர். மிதிவண்டி, மோட்டார் வண்டி வணிகத்தில் புகழ்பெற்ற சைக்கிள் அண்டு கேரியேஜ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். மாளிகை 1929இல் கட்டி முடிக்கப்பட்டது. பிற்காலத்தில் பல ஆண்டுகள் அங்கு ஓர் உணவகம் இயங்கியது. நாட்டின் மரபுச் செல்வங்களைக் காப்பதற்கான தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஆனால், அம்மாளிகை அச்சட்டத்தின்கீழ் மரபுடைமையாக அறிவிக்கப்படவில்லை. 2006 டிசம்பர் 15ஆம் நாள் அது இடிக்கப்பட்டது. இன்று அவ்வீட்டின் தூண்கள் எப்படி இருந்தன, முகப்பு எவ்வளவு அகலம் என்று அறிய விரும்புபவர், யாரோ எடுத்துவைத்த புகைப்படங்களைத்தான் நாட வேண்டும்.

அவள் தன் படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தாள். லோக் இயூ மாளிகை நாளை இல்லாமற்போனால், இந்தப் படம் பார்ப்பவருக்கு என்ன சொல்லும்? வீடு சாய்ந்திருந்தது என்று சொல்லும். சுவர் தட்டையாக இருந்தது என்று சொல்லும். அதன் வாசலில் ஒரு சிவப்புக் கார் நின்றது என்று சொல்லும். அப்பொழுதுதான், மூவரும் கூறியவை வெறும் குறைகள் அல்ல, படம் தவறவிட்ட உண்மைகள் என்பது அவளுக்கு விளங்கியது.

எழுதிய தாளை ஆசிரியரிடம் கொண்டு சென்றபோது, “முன்பெல்லாம் படம் எடுத்தவர்களுக்கும் இப்படிப் பிறர் கருத்துச் சொல்வார்களா, டீச்சர்?” என்று கேட்டாள். ஆசிரியர் அவளுக்கு லினேயஸ் டிரைப் என்பவரைப் பற்றிக் கூறினார்.

டிரைப் மதராஸ் படையில் அதிகாரியாக இருந்த ஆங்கிலேயர். புகைப்படம் எடுப்பது அவருக்குத் தொடக்கத்தில் தொழிலாக இருக்கவில்லை; விருப்பத்தால் கற்றுக்கொண்ட கலையாகவே இருந்தது. 1854ஆம் ஆண்டின் இறுதியில் அவர் இன்றைய கர்நாடகத்தில் உள்ள ஹளேபீடு, பேளூர் கோயில்களைப் படம் பிடித்தார். 1855இல் மதராஸில் நடந்த கண்காட்சியில் அப்படங்களை வைத்தார். நடுவர் குழு அவற்றை ஆராய்ந்து, சிறந்தவை எனக் கருதிப் பதக்கம் வழங்கியது. மறு ஆண்டில் மதராஸ் அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக் கலைஞராக அமர்த்திக்கொண்டது. 1858இல் அவர் மதுரைக்குச் சென்று, மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படம் எடுத்தார்.

“17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அந்த மகால், டிரைப் சென்ற காலத்தில் பெரிதும் சிதைந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை மதராஸ் ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் காலத்தில்தான் அதைப் பழுதுபார்க்கும் வேலை நடந்தது. பழுதுபார்ப்பதற்கு முன் மகால் எப்படி இருந்தது என்பதற்கு டிரைப்பின் படங்கள் இன்று சான்றாக உள்ளன. ஆனால், அவருக்குக் கிடைத்ததெல்லாம் பாராட்டு மட்டுமா? இல்லை. ஆளுநர் டிரவெலியன், புகைப்படப் பிரிவுக்குச் செலவு அதிகம் என்று கருதி, அதன் பணியை நிறுத்திவிட்டார். ஒருவர் பதக்கம் கொடுத்தார். மற்றொருவர் வேண்டாம் என்றார். படங்கள் மட்டும் இன்றும் இருக்கின்றன,” என்றார் ஆசிரியர்.

பிறகு அவர், மறுமுறை செல்லும்போது செய்ய வேண்டியவற்றை விளக்கினார். “கைப்பேசியை மேல்நோக்கிச் சாய்க்கும்போது வீட்டின் மேற்பகுதி கைப்பேசியின் தளத்திலிருந்து அடிப்பகுதியைவிட அதிகத் தொலைவுக்குப் போகிறது. தொலைவில் உள்ளது சிறியதாகத் தெரியும். ஆகவே, சுவர்கள் மேலே குறுகுகின்றன. கைப்பேசியைச் சுவருக்கு இணையாக, நேராகப் பிடித்தால் இந்தச் சாய்வு வராது. அப்படிப் பிடித்தால் முகடு வெட்டுப்படும் என்றால், பின்னால் நகர்ந்து போ. படத்தின் அடியில் சாலை அதிகமாக விழும். அதைப் பின்னர் வெட்டிக்கொள்ளலாம். திரையில் கட்டக் கோடுகளைத் தெரியவைத்துக்கொண்டால் சுவர் நேராக இருக்கிறதா என்று அப்பொழுதே பார்க்கலாம். கட்டடங்களைப் படமெடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள், கேமராவைச் சாய்க்காமல் வில்லையை மட்டும் மேலே உயர்த்தும் கருவியை வைத்திருப்பார்கள். நமக்குக் கால்கள் இருக்கின்றன. அவை போதும்.”

வெளிச்சத்தைப் பற்றியும் அவர் கூறினார். நண்பகல் வெயில் தலைக்குமேலிருந்து விழுவதால் சுவரின் மேடுபள்ளங்கள் சரியாகத் தெரிவதில்லை. சூரியன் தாழ்வாக இருந்து, ஒளி பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு தூணும் நிழல் வீசும். வளைவுகளின் ஆழம் புலப்படும். வெள்ளைச் சுவரைப் படமெடுக்கும்போது திரையில் அச்சுவரைத் தொட்டு, ஒளி அளவைச் சற்றுக் குறைத்துக்கொண்டால், சுவரின் நுண்வேலைப்பாடுகள் வெளுத்துப் போகாமல் இருக்கும்.

படங்களை ஒப்படைக்க ஒரு வாரமே எஞ்சியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தாத்தாவும் பேத்தியும் விடியற்காலையிலேயே புறப்பட்டனர். விடுமுறை நாள் என்பதால் சாலையில் வண்டிகள் குறைவு. சிவப்புக் கார் நின்ற இடம் காலியாக இருந்தது. அவள் இம்முறை உடனே கைப்பேசியை எடுக்கவில்லை. சாலையின் இக்கோடியிலிருந்து அக்கோடிவரை நடந்து பார்த்தாள். எதிர்ப்பக்கத்தில், மாளிகையின் முகப்பும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரியும் இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். வெயில் சுவரில் சாய்வாக விழும்வரை காத்திருந்தாள்.

“தாத்தா, அந்த நுழைவாயில் தூணுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள்,” என்றாள்.

“நானா? என் சட்டை பழையதாயிற்றே, அம்மா!”

“வீடும் பழையதுதானே, தாத்தா!”

தாத்தா சிரித்துக்கொண்டே சாலையைக் கடந்தார். தூணருகே நின்றவர், பழக்கத்தால் கையை உயர்த்திச் சுவரின் சாயத்தைத் தொட்டுப் பார்த்தார். அவள் கைப்பேசியை நேராகப் பிடித்தாள். கட்டக் கோடுகளோடு சுவர் ஒத்துப்போனது. அவள் அந்தக் கணத்தைப் படமாக்கினாள். அதன்பின் இன்னும் பல படங்கள் எடுத்தாலும், அந்த ஒன்றுதான் அவளுக்கு நிறைவளித்தது.

ஒரு கருத்தை மட்டும் அவள் ஏற்கவில்லை. பின்னால் தெரியும் உயர்ந்த கட்டடத்தை அழித்துவிடுமாறு தோழி சொல்லியிருந்தாள். கைப்பேசிச் செயலியில் அது சில நொடி வேலை. ஆனால், 1904இல் கட்டி முடித்த வீடு இன்றைய நகரத்தின் நடுவே நிற்கிறது என்பதும் அப்படம் சொல்ல வேண்டிய உண்மையல்லவா? அவள் தன் காரணத்தை ஆசிரியரிடம் எடுத்துரைத்தாள். “கருத்தைக் கேட்பது வேறு, கேட்டதையெல்லாம் செய்வது வேறு. நீ கேட்டாய், எடைபோட்டாய், காரணத்தோடு மறுத்தாய். அதுவே சரி,” என்றார் அவர். தோழியிடமும் மாணவி அக்காரணத்தைச் சொல்லி, காரைப் பற்றிக் கூறியதற்கு நன்றி தெரிவித்தாள்.

கண்காட்சி நாளில் அவளுடைய இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. முதல் படத்தையும் வைக்க வேண்டும் என்று அவளே கேட்டுக்கொண்டாள். இரண்டாம் படத்தின் கீழே மாளிகையின் பெயர், இடம், அது கட்டி முடிக்கப்பட்ட ஆண்டு, படம் எடுத்த நாள் ஆகியவற்றைத் தெளிவாக எழுதியிருந்தாள்.

பள்ளிக் காவலர் வந்து நின்று பார்த்தார். இரு படங்களையும் மாறி மாறி நோக்கினார். “அடேயப்பா, இவ்வளவு பெரிய வீடா!” என்றவர், சற்றுக் குனிந்து தூணருகே இருந்த சிறிய உருவத்தைச் சுட்டிக்காட்டினார். “இவர் யார்? அந்த வீட்டுக்காரரா?”

மாணவி விளக்கம் சொல்ல வாயெடுத்தாள். பிறகு ஆசிரியர் கூறியது நினைவுக்கு வரவே, ஒரு பேனாவை எடுத்து, படத்தின் கீழே மேலும் ஒரு வரியைச் சேர்த்தாள்: ‘தூணருகே நிற்பவர், இந்நகரத்தின் பல வீடுகளுக்குச் சாயம் பூசிய என் தாத்தா.’

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. தோழிகளின் பாராட்டு மாணவிக்கு ஏன் பயன்படவில்லை?
2. தோழி, காவலர், தாத்தா ஆகிய மூவரின் கருத்துகளும் படத்தின் எந்தெந்தக் குறைகளை உணர்த்தின?
3. உயர்ந்த கட்டடத்தை அழிக்க மறுத்த மாணவியின் முடிவை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் கூறுக.
4. உங்கள் வட்டாரத்தில் உள்ள பழைய கட்டடம் ஒன்றைப் படம் எடுத்து, ஆசிரியர் கொடுத்த மூன்று கேள்விகளையும் மூவரிடம் கேட்டு, அவர்களின் கருத்துகளைத் தொகுத்து எழுதுக.